ஒரு பொருட்கு ஒரு பெயர்

(கிடங்கு மென்பொருளை வணிகத்துள் புகுத்துதல் பற்றி, வணிகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிடங்கு வணிகத்தின் வயிறு. கடையின் முகப்பு எத்துணை அழகாயிருப்பினும், வயிறு செம்மையாக இயங்காவிடின் உடல் நில்லாது. ஏட்டில் 40 மூட்டை என்றிருக்கும். எண்ணிப் பார்த்தால் 36 இருக்கும். இல்லையென்று சொல்லி வாங்குவோரைத் திருப்பியனுப்பிய மறுநாள், அதே சரக்கு மூலையில் நான்கு பெட்டி கிடக்கும். புதிதாய் வந்தது முன்னே போய்விடும். பழையது பின்னே கிடந்து, காலங்கடந்து, குப்பைக்குப் போகும். இவ்விழப்பை அறியாத வணிகர் இவ்வவையில் ஒருவரும் இரார்.

இந்நோய்க்கு மருந்தெனக் கிடங்கு மேலாண்மை மென்பொருள் வந்துள்ளது. பெருநிறுவனங்கள் மட்டுமே வாங்கத்தக்கதாயிருந்த அது, இன்று கைப்பேசியில் இயங்குமளவிற்கு எளிதாகிவிட்டது. விற்பவர் வந்து, மூன்றே கிழமையில் கிடங்கு முழுவதையும் திரையிற் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். வணிகரும் பணத்தை எடுத்து நீட்டுகிறார். நீட்டுமுன் அவர் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. அதைச் சொல்வதற்கே இவ்வுரை. பொருளுக்குப் பெயரும், இடத்திற்கு முகவரியும், ஆளுக்கு மதிப்பும் அமைந்த கிடங்கிலேயே மென்பொருள் வேலை செய்யும். அவை அமையாத கிடங்கில், முன்பு மெல்ல நடந்த குழப்பம் இனி ஓட்டமாய் ஓடும்.

மென்பொருள் செய்வது யாது?

கிடங்கில் நிகழும் வினைகள் நான்கு: வாங்கல், இருத்தல், எடுத்தல், விடுத்தல். சுமையுந்து வந்து நின்றவுடன், கேட்டதும் வந்ததும் ஒன்றா என ஒத்துப் பார்ப்பது வாங்கல். வந்ததை உரிய தட்டில் வைப்பது இருத்தல். ஆணை வந்தபோது அதைத் தேடிக் கொணர்வது எடுத்தல். கட்டி, எடையிட்டு, வண்டியேற்றுவது விடுத்தல். இந்நான்கு வினைகளுள் ஒவ்வொன்றும் நிகழும் அந்நொடியிலேயே அதைப் பதிந்துகொள்வதுதான் மென்பொருளின் பணி. மாலையில் நினைவிலிருந்து ஏட்டில் எழுதும் வழக்கத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. ஆனால் அவ்வேறுபாடு பெரிது.

ஒவ்வோர் இடத்திற்கும் அங்கே ஒரு முகவரி உண்டு. ‘க-3-12-2’ என்றால், ‘க’ என்னும் கூடத்தில், 3-ஆம் சந்தில், 12-ஆம் அடுக்கில், 2-ஆம் தட்டு என்பது பொருள். இம்முகவரி இருப்பதால், பருப்பு மூட்டை என்றும் ஒரே மூலையிற் கிடக்க வேண்டுவதில்லை. வெற்றிடம் எங்குண்டோ அங்கே வைக்கலாம். வைத்த இடத்தைப் பொறி நினைவிற்கொள்ளும். பெருங்கிடங்குகளில் சரக்கெடுப்போரின் நேரத்திற் பெரும்பகுதி நடையிலேயே கழிகிறது. ஆகலின், எதை முன்னே எடுத்து எதைப் பின்னே எடுத்தால் நடை குறையுமென்று பொறி வழிசொல்லும். மருந்து, மாவு, எண்ணெய் போன்றவற்றில், முன்வந்தது முன்போதல் என்னும் முறையினும், முன்கெடுவது முன்போதல் என்னும் முறையே சிறந்தது. அம்முறையையும் அது காக்கும்.

பொறி பொருளை அறிவது, பார்கோடு எனக் கடைத்தெருவில் வழங்கும் பட்டைக்குறியால். நார்மன் சோசப் உட்லாண்டு, பெர்னார்டு சில்வர் என்னும் அமெரிக்கர் இருவர்க்கு அதன் காப்புரிமை 1952-இல் வழங்கப்பட்டது. மோர்சு தந்திக்குறியின் புள்ளியையும் கோட்டையும் கடற்கரை மணலிற் கீறி, அவற்றைக் கீழ்நோக்கி நீட்டியபோது உட்லாண்டுக்கு அக்கருத்துத் தோன்றிற்று. 1974-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டிராய் நகரில், மார்சு என்னும் பேரங்காடியில், ஒரு பொதி மெல்பிசின் முதன்முதலாக அக்குறி படிக்கப்பட்டு விற்கப்பட்டது. இங்கொன்றை ஊன்றி நோக்குக. கடைப்பொருள்மேல் காணும் அப்பட்டைக்குறிக்குள் பெயர் இல்லை, எண்ணே உண்டு. அவ்வெண்ணுக்குரிய பெயரையும் அளவையும் வணிகரே பட்டியலில் எழுதிவைத்தல் வேண்டும். பட்டியல் பொய்த்தால் பட்டை என் செய்யும்?

பொருளுக்குக் குறியிட்டுக் காத்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில், நீரினின்று நிலத்திற்கும் நிலத்தினின்று நீருக்கும் போகும் பண்டங்கள் அளக்கப்பட்டதையும், சோழரின் புலிப்பொறி இடப்பட்டுக் குவிந்து கிடந்ததையும், உல்கு கொள்வோர் அயராது காத்ததையும் பட்டினப்பாலை கூறுகின்றது. அளத்தல், குறியிடல், காத்தல் என்னும் அம்மூன்றும் இன்றும் மாறவில்லை. குறியிடும் கருவியே மாறியிருக்கிறது.

இடம் எழுதப்படாமையால் வந்த கேடு

இனி, பெரும்பணமும் பெருவல்லுநரும் வாய்த்திருந்தும் இடறிய மூவர் வரலாற்றைக் காண்போர், சிறுவணிகர் எங்கெங்கு விழிப்பாயிருக்க வேண்டுமென்பதைத் தெளிவாய் அறிவர்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ளது எர்சி என்னும் பழம்பெரும் சாக்கலேட்டு நிறுவனம். அது ஏறத்தாழ 11.2 கோடி டாலர் செலவில், ஆணை, கிடங்கு, திட்டமிடல் ஆகியவற்றிற்கான மென்பொருள்களை ஒருங்கே புகுத்தியது. நான்காண்டு வேலையென முதலில் மதிப்பிடப்பட்டது, 30 திங்களாகச் சுருக்கப்பட்டது. 1999-ஆம் ஆண்டு சூலையில் அவை இயங்கத் தொடங்கின. அந்நாட்டில் அக்டோபர் இறுதியில் வரும் ஆலோவீன் பெருநாளுக்கு இனிப்பு விற்பனை உச்சத்தை எட்டும். அதற்குரிய ஆணைகள் குவியும் வேளையிலேயே பொறி புதிது. ஆளும் பொறிக்குப் புதியர். ஆலையில் இனிப்பு இருந்தது. கடைக்காரர் கேட்டுக்கொண்டேயிருந்தனர். ஆயினும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆணைகளுக்குச் சரக்குப் போய்ச் சேரவில்லை. அக்காலாண்டில் நிறுவனத்தின் ஊதியம் 19 விழுக்காடு சரிந்தது.

பின்னர் ஆராய்ந்தோர் எழுதிய ஏதுக்களுள் ஒன்று, இங்குள்ளோர் உள்ளத்திற் பதியத்தக்கது. பெருநாட்கூட்டத்தில் இடம் போதாதபோது, எர்சியின் பணியாளர் வாடகைக் கிடங்கிலும், ஆலையின் வெற்றிடத்திலும், ஒழிந்த அறைகளிலும் சரக்கை அடுக்கிவைப்பது நெடுநாள் வழக்கம். எங்கே எது கிடக்கிறதென்பது அவர்களுக்குத் தெரியும். புதிய மென்பொருளின் பட்டியலிலோ அவ்விடங்கள் இடங்களாகவே எழுதப்படவில்லை. எழுதாத இடத்திலுள்ள சரக்கு, பொறியின் கண்ணுக்கு இல்லாத சரக்கு.

தமிழ்நாட்டுக் கிடங்குகளிலும் இத்தகைய எழுதாத இடங்கள் எத்தனை! மாடிப்படிக்குக் கீழே, கணக்கறையின் பின்னே, பங்காளி வீட்டுத் திண்ணையில்! அவற்றை அறிந்தவர் ஒருவரே. அவர் 30 ஆண்டு அங்கே உழைத்த கிடங்காள். அவரைக் கேளாமல் வரைந்த இடப்பட்டியல் பாதிப் பட்டியலே.

அளவு பொய்த்தமையால் வந்த கேடு

இரண்டாவது கனடாவில் நிகழ்ந்தது. டார்கெட்டு என்னும் அமெரிக்கப் பேரங்காடி நிறுவனம், கனடாவிற் கடை திறக்கப்போவதாக 2011-இல் அறிவித்து, 2013 மார்ச்சில் திறக்கத் தொடங்கி, 133 கடைகள் வரை விரித்தது. 2015 சனவரி 15-ஆம் நாள் அந்நாட்டைவிட்டே வெளியேறுவதாக அறிவித்தது. ஏறத்தாழ 17,600 பேர் வேலையிழந்தனர். இவ்வீழ்ச்சிக்கு ஏதுக்கள் பல. கடைகளின் இடமும் விலையும் அவற்றுட் சேரும். ஆயினும் அவற்றுள் ஒன்று முழுக்க முழுக்கப் பட்டியலின் பிழை.

புதிய மென்பொருளில் பல்லாயிரம் பொருள்களின் நீளம், அகலம், உயரம், பெட்டிக்குள் எத்தனை என்பனவற்றைக் குறுகிய காலத்திற்குள் பதிய வேண்டியிருந்தது. பதிந்தோர் பலர் தொழிலுக்குப் புதியர். சென்றிமீட்டரில் எழுத வேண்டியது அங்குலத்தில் எழுதப்பட்டது. நீளத்தின் கட்டத்தில் அகலம் ஏறியது. பின்னாளிற் செய்தியாளர் துருவியபோது, அமெரிக்கக் கடைகளில் 98 விழுக்காட்டிற்கு மேல் சரியாயிருந்த இத்தகைய குறிப்புகள், கனடாவில் ஏறத்தாழ 30 விழுக்காடே சரியாயிருந்தன என்று தெரிய வந்தது. விளைவு என்ன? கிடங்கு நிரம்பி வழிந்தது. கடையின் தட்டு வெறுமையாய்க் கிடந்தது. பொறி கணக்கில் தவறவில்லை. தனக்குக் கொடுத்த பொய்யை அது மெய்யென நம்பிச் சரியாகக் கணக்கிட்டது!

உள்ளம் முறிந்தமையால் வந்த கேடு

மூன்றாவது, இவற்றினும் முந்தியது. பாக்சுமேயர் என்னும் அமெரிக்க மருந்து வழங்கு நிறுவனம், ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் விற்பனை உடையது. அத்துறையில் அந்நாட்டின் முன்னணியில் நின்றது. 1993-இல் அது செருமானிய எசு.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளையும், அதனோடு ஒகையோ மாநிலத்திற் கட்டிய தானியங்கிக் கிடங்கிற்கென வேறொரு நிறுவனத்தின் மென்பொருளையும் ஒருசேரப் புகுத்த முனைந்தது. முதலில் இட்ட மதிப்பீடு 6.5 கோடி டாலர். பழைய கணிப்பொறி ஓரிரவில் 4,20,000 ஆணைவரிகளைச் செய்து முடித்து வந்தது. புதியது தொடக்கத்தில் 10,000 அளவே செய்ததென்று பதிவாகியுள்ளது.

கிடங்கில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. புதிய தானியங்கிக் கிடங்கு வந்ததும் பழைய கிடங்குகள் மூடப்படும் என்பதைப் பணியாளர் அறிந்தனர். வேலை போகப்போகிறதென அறிந்தவர் கையில் அக்கறை எங்ஙனம் நிற்கும்? பலர் முன்னரே விலகினர். இருந்தவரும் சரக்கைக் கண்டபடி வண்டியில் எறிந்தனுப்ப, அது உடைந்தும் கிழிந்தும் புதிய கிடங்கை அடைந்தது. கணக்கோ அங்கே முன்பே தடுமாறிக்கொண்டிருந்தது. 1996-இல் அந்நிறுவனம் நொடிப்பு அறிவித்தது. மக்கெசன் என்னும் போட்டி நிறுவனம் அதை ஏறத்தாழ 8 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நொடித்த நிறுவனத்தின் பொறுப்பாளர், மென்பொருள் நிறுவனத்தின்மீதும் அறிவுரை நிறுவனத்தின்மீதும் தலைக்கு 50 கோடி டாலர் கேட்டு 1998-இல் வழக்குத் தொடுத்தார். அவர்கள் குற்றத்தை மறுத்தனர். வழக்கின் முடிபு எதுவாயினும், நொடித்தது நொடித்ததே.

இங்கே மென்பொருளை மட்டும் பழித்தல் முறையன்று. அதே மென்பொருளை வைத்து உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் செவ்விதின் இயங்குகின்றன. ஒரே வேளையில் எல்லாவற்றையும் மாற்றியதும், மாற்றத்தைச் சுமக்கவேண்டிய தோள்களை முறித்ததுமே பெருங்கேடு.

பெயரொழுங்கு

தொல்காப்பியர் உரியியலில், ஒரு பொருளுக்குப் பல சொல் உரியவாதலையும், ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலையும் எடுத்தோதினார். செய்யுளில் அது வளம். கிடங்கில் அது இழப்பு.

ஒரு பலசரக்குக் கிடங்கை எண்ணிப் பார்க்க. காலையில் வந்த கணக்கர் ‘துவரம்பருப்பு’ என்று பதிகிறார். மாலையில் வந்தவர் ‘து.ப.’ என்கிறார். விற்பனைப் பையன் ‘தூர்தால்’ என்கிறான். மென்பொருளுக்கு இவை மூன்று பொருள்கள். மூன்றிற்கும் தனித்தனி இருப்பு. ஒன்றில் 20 மூட்டை மிகுதி, மற்றொன்றில் 15 மூட்டை குறைவு, மூன்றாவது வெறுமை. பொறி உடனே புதுக்கொள்முதலுக்கு வழிசொல்லும்! இருக்கின்ற சரக்கைப் பணங்கொடுத்து மீண்டும் வாங்குவதைவிடப் பேதைமை உண்டோ?

மறுதலையும் உண்டு. திருப்பூர்ப் பின்னலாடைக் கிடங்கில் ‘அரைக்கை நீலம்’ என்னும் ஒரு பெயர்க்கீழ் ஐந்து அளவும் அடங்கிக் கிடக்கும். 5 அளவு, 8 நிறம், 2 கைநீளம் எனின், ஒரே சட்டை 80 பொருளாகும். அவ்வெண்பதுக்கும் எண்பது எண், எண்பது பெயர் வேண்டும். இல்லாவிடின் பொறி ‘உண்டு’ என்னும். ஆள் போய்ப் பார்த்தால் கேட்ட அளவு இராது.

எனவே, மென்பொருள் வாங்குமுன் ஒவ்வொரு வணிகரும் தம் கிடங்கிற்கு ஓர் அகரமுதலி ஆக்குதல் வேண்டும். ஒரு பொருட்கு ஒரு பெயர். ஒரு பெயர்க்கு ஒரு பொருள். பெயரினுள் பொருள், வகை, அளவு, கட்டு என்னும் வரிசை மாறாதிருக்க வேண்டும். அப்பட்டியலைத் திருத்தும் உரிமை ஒருவர்க்கே இருக்க வேண்டும். விரும்பியவரெல்லாம் புதுப்பெயர் சூட்டும் கிடங்கு ஈராண்டிற் பழைய காடாகும்.

புகுத்தும் முறை

முதலாவது, மேற்சொன்ன பெயரேடு. ஒவ்வொரு பொருளையும் நாடாவால் அளந்து, தராசில் நிறுத்து எழுதுக. பெட்டிமேல் அச்சிட்ட அளவை நம்பற்க.

இரண்டாவது, இடமுகவரி. அடுக்கு, தட்டு, தரைக்கட்டம், படிக்கீழ் மூலை என எதுவும் விடாமல் எழுதி ஒட்டுக. கிடங்கின் மூத்த ஆளே இவ்வேலைக்குத் தலைவராகட்டும்.

மூன்றாவது, முழு எண்ணிக்கை. ஓரிரு நாள் வரவும் விடுப்பும் நிறுத்தி, இருவர் தனித்தனியே எண்ணுக. இருவர் கணக்கும் ஒவ்வாத இடத்தில் மூன்றாமவர் எண்ணுக. தொடக்க இருப்புப் பொய்யாயின், அதன்மேல் எழும் கணக்கெல்லாம் பொய்.

நான்காவது, சிறிதிற் தொடங்கல். ஒரு கூடமோ ஒரு வகைச் சரக்கோ முதலில் ஏறட்டும். ஆடித்தள்ளுபடிக்கும் பொங்கல் விற்பனைக்கும் முன்னர் உள்ள நெருக்கடித் திங்களிற் தொடங்கற்க. எர்சியின் சூலையை நினைக்க.

ஐந்தாவது, இருகணக்கு. ஒரு திங்களேனும் பழைய பேரேடும் புதிய திரையும் உடன்செல்லட்டும். ஒவ்வொரு மாலையும் இரண்டையும் ஒத்துப் பார்த்து, வேற்றுமைக்கு ஏது கண்டு எழுதுக. அக்குறிப்பேடே கிடங்கின் நோய்க்குறிப்பு.

ஆறாவது, நாள்தோறும் சிற்றெண்ணிக்கை. ஆண்டிற்கொருமுறை எண்ணிக் கலங்குவதினும், நாளொன்றுக்குச் சில தட்டுகளை எண்ணித் திருத்துவது மேல். மிகுதியாய் ஓடும் சரக்கை அடிக்கடியும், மெல்ல ஓடுவதை இடைவிட்டும் எண்ணலாம்.

ஏழாவது, ஒப்பந்தம். மின்சாரமோ இணையமோ நின்றால் வேலை நில்லாதவாறு தாட்படிவம் வைத்திருக்க. மென்பொருளை விட்டு விலக நேர்ந்தால், பெயரேடு, இருப்பு, வரவு செலவு அனைத்தையும் முழுமையாய் எடுத்துக்கொள்ளும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். தன் கிடங்கின் கணக்கைப் பிறரிடம் அடகுவைத்தவன் வணிகனாகான்.

இவையனைத்திற்கும் முற்பட, ஆட்களை அழைத்து முதலாளியே வாய்திறந்து சொல்ல வேண்டும்: எவர் வேலை மாறும், எவர் வேலை நிற்கும், எவர்க்கு என்ன பயிற்சி என்று. மறைத்துச் செய்யும் மாற்றம் வதந்தியாய் வளரும். பாக்சுமேயரின் உடைந்த பெட்டிகளே அதற்குச் சான்று.

திரையில் எம்மொழி?

ஈண்டு மொழி வந்து நிற்கிறது; வலிந்து கொணர்ந்ததன்று. தமிழ்மட்டும் படிக்கத் தெரிந்த கிடங்காள் கையில் ஆங்கிலத் திரையைக் கொடுத்தால் அவர் என்செய்வார்? பச்சைப் பொத்தான் மேலே, சிவப்புப் பொத்தான் கீழே என இடத்தை மனப்பாடஞ் செய்வார். ‘இருப்புப் போதாது, மீண்டும் எண்ணவும்’ என்று பொறி எச்சரிக்கும்போது, அதைப் படிக்க இயலாமல் பச்சையை அழுத்திவிடுவார். தவறு அவரதா? அவர்க்கு விளங்காத மொழியில் அவரோடு பேசியவரதா? கருவியின் எச்சரிக்கை கையாளுக்கு விளங்காதாயின், அவ்வெச்சரிக்கைக்குக் கொடுத்த பணம் வீண்.

தமிழில் இயலாதென்பது இனிச் செல்லாது. ஒருங்குறி என்னும் உலகக் குறியேற்றத்தின் முதற்பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழ் அதனுள் இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பட்டைக்குறிக்குள் எண்ணே இருத்தலால், அதற்கு எம்மொழியும் தடையன்று. திரையிலும் ஒட்டுச்சீட்டிலும் காணும் பெயரை வணிகர் விரும்பிய மொழியில் எழுதலாம்.

ஆனால் விற்பவரின் வாய்மொழியை நம்பாமல், வாங்குமுன் மூன்று தேர்வு வைக்க வேண்டும். ‘கொத்துமல்லி’, ‘மிளகாய்த்தூள்’, ‘பௌவ உப்பு’ எனத் தட்டிப் பார்க்க. கொம்பும் காலும் பிரிந்து சிதறினால் அம்மென்பொருள் ஆகாது. சேமித்து, மூடித் திறந்து பார்க்க; எழுத்திருந்த இடத்திற் கேள்விக்குறிகள் நின்றால் அதன் சேமிப்பறை தமிழ் அறியாதது. ஒட்டுச்சீட்டில் அச்சிட்டும், அப்பெயரைத் தட்டித் தேடியும் பார்க்க. பல அச்சுப்பொறிகளுக்குத் தமிழ் எழுத்துருவைத் தனியே ஏற்ற வேண்டும். பழைய எழுத்துருக்களில் அமைந்த பட்டியல் கையிலிருந்தால், அதை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுக. இத்தனையும் ஒரு முற்பகல் வேலை. தமிழ்வணிகர் ஆயிரவர் இத்தேர்வை வைப்பாராயின், அடுத்த ஆண்டே விற்பவர் திருந்தி வருவர். கேளாதவர்க்குக் கொடுப்பார் யார்?

இந்நெறி எல்லார்க்கும் ஒன்றே. வடபுலத்தினின்று வந்து இங்குச் சுமைதூக்குவோர் இருப்பின், அவர்க்கும் அவர்தம் தாய்மொழியில் திரை அமைவது அறமும் ஆகும். கணக்குக்கு நலமும் ஆகும்.

வணிகப் பெருமக்களே! மென்பொருளைக் கண்டு அஞ்சவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. அது நல்ல கணக்கன். தானே கண்டறியும் கண் அதற்கில்லை. சரக்கைக் கண்டவர் கிடங்காள். இடத்தை அறிந்தவர் அவர். பெயரை நாள்தோறும் வாயால் வழங்குபவரும் அவரே. அவர் அறிவை அவர் மொழியில் எழுத்திலேற்றிய பின்னர்க் கருவியை வாங்குக. நாளைக் காலை கிடங்கைத் திறந்ததும், கணக்கரையும் மூத்த கிடங்காளையும் அருகழைத்து, ஒரு குறிப்பேட்டைக் கையிலெடுத்து, முதற்சரக்கின் பெயரை எழுதுக. அவ்வேடு நிறைவுறும் நாளே மென்பொருள் விற்பவரை அழைக்கத்தக்க நாள்.

வாழ்க தமிழ் வணிகம்! வளர்க உழைப்போர் நலம்!